சிறு கைகளும் பெருங் கைங்கர்யமும்

தஞ்சையிலிருந்து அரியலூர் செல்லும் சாலை கொள்ளிடப் பாலத்தைக் கடந்து வடகரையில் ஏறும் இடத்தில் அமைந்திருப்பது திருமானூர். இராமநவமியை ஒட்டி நடைபெறும் பெருவிழாவில் கல்லங்குறிச்சிக் கலியுக வரதராஜப் பெருமாளை ஸேவிக்கத் தென்கரையிலிருந்து வரும் அடியார்கள் இவ்வூரையும் கீழப்பழுவூரையும் கடந்தே அரியலூரை அடைவர். தானிய மூட்டையைத் தலையில் சுமந்து வருவோரும் உண்டு. கோடை வெயில் ஏறத் தொடங்கும் காலம் அது. இத்தகைய சாலையோரத்தில் அமையும் ஒரு நீர்மோர்ப் பந்தலை அன்பர்கள் மனக்கண்முன் கொண்டு வருவார்களாக.

பந்தலில் தொண்டு செய்ய வந்த ஒருவர் தம் ஆறு வயதுக் குழந்தையையும் உடன் அழைத்து வந்திருக்கிறார். தானே பானகம் கொடுப்பேன் என்கிறது குழந்தை. நான்கு தம்ளர் கொடுத்தால் ஒன்று தரையில் கொட்டுகிறது. கொட்டிய இடத்தில் எறும்பு மொய்க்கிறது. வரிசை நீள்கிறது. "குழந்தையை அப்புறம் உட்கார வையும், ஸ்வாமி, அடியார்கள் வெயிலில் நிற்கிறார்கள்" என்கிறார் பந்தலை நடத்தும் பெரியவர். அவர் சொன்னதில் தவறு உண்டா?

இல்லை என்றே முதலில் தோன்றும். வெயிலில் நிற்பவரின் தாகம் மெய்யானது. அதைத் தணிக்கவே பந்தல் போடப்பட்டது. ஆயினும் இச்சிறு நிகழ்ச்சியினுள் கைங்கர்யம் என்பதன் ஸ்வரூபத்தையே பற்றிய ஒரு வினா ஒளிந்திருக்கிறது.

இவ்விடத்தில் பலரும் உடனே அணிலை அழைத்து வருவர். வால்மீகி பகவானின் காவியத்தில் காணப்படாத அந்த அணில், தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் இடம்பெற்றுத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் அனைவர்க்கும் உறவாகிவிட்டது. ஆனால் அணிற்கதை இங்கு முழுமையாகப் பொருந்தாது. அணில் கொண்டு வந்த மணல் சிறிதாயினும் சேதுவுக்கு வரவுதான். குழந்தையோ பல சமயங்களில் பணிக்குச் செலவாகவே முடிகிறது. அது கொட்டும், பாதியில் விட்டு ஓடும், உறக்கம் வந்தால் அழும். அதைக் கவனிக்கவே ஒருவர் தேவைப்படுவார். பயன் குறைகிறது என்று தெரிந்த பின்னும் அதனை உடன் வைத்துக்கொள்ளலாமா என்பதன்றோ கேள்வி!

சாஸ்திரம் குழந்தையை எவ்விதக் கடமைக்கும் உட்படுத்தவில்லை. உபநயனத்துக்கு முற்பட்ட பருவத்தில் பிள்ளை தன் விருப்பப்படி நடக்கலாம், பேசலாம், உண்ணலாம் என்று கௌதம தர்மஸூத்ரம் அதனை விட்டுவிடுகிறது. ஆகவே பந்தலில் நிற்கும் பெரியவர்களுக்கு வேண்டுதல், ஊர் வழக்கம், உபயதாரர் பெயர்ப் பலகை, மறுபிறப்பைப் பற்றிய அச்சம் எனப் பல காரணங்கள் இருக்கக்கூடும். குழந்தைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. கொடுப்பதில் அதற்கு ஆனந்தம், அவ்வளவே. விதிக்கு அஞ்சிச் செய்வதினும் ப்ரீதியால் தூண்டப்பட்டுச் செய்வதே மேலான கைங்கர்யம் என்று நம் பூர்வாசார்யர்கள் நிர்ணயித்திருக்கிறார்கள். அந்த அளவுகோலால் அளந்தால் வரிசையில் முன் நிற்க வேண்டியவர் யார்?

இதற்கு ஒரு மறுப்பு எழும். குழந்தையின் ஆனந்தம் தண்ணீரை அளைவதில் பிறந்ததேயன்றி எம்பெருமானிடம் பிறந்ததன்று. விளையாட்டைக் கைங்கர்யம் என்று கொள்வது மிகையன்றோ? இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் திருவரங்கத்து வீதியில் சிறுவர்கள் மணலால் கோயில் கட்டி, மணலையே ப்ரஸாதம் என்று நீட்டியபோது, அவ்வழியே எழுந்தருளிய எம்பெருமானார் அதனை வணங்கி ஏற்றார் என்பது ஐதிஹ்யம். அவர் விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் வேற்றுமை அறியாதவர் அல்லர். ஸ்ரீபாஷ்யம் அருளிய மஹான் அச்சிறுவர்களிடம் தத்துவ ஞானத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை.

இனி அனந்தாழ்வானின் சரிதத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்ய யார் போவீர் என்று எம்பெருமானார் வினவியபோது, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சிப் பலர் வாளாவிருக்க, எழுந்து நின்றவர் அவர். 'ஆண்பிள்ளை' என்ற புகழ் அன்று அவர்க்கு வாய்த்தது. திருமலையில் நந்தவனம் அமைத்து, அதற்கு நீர் வேண்டிக் குளம் வெட்டலானார். அவர் மண்ணை வெட்டிக் கொடுக்க, கருவுற்றிருந்த தேவிகள் கூடையைச் சுமந்து அப்பால் கொட்டி வந்தார். அப்போது சிறுவன் ஒருவன் வந்து, "நானும் சுமக்கிறேன்" என்றான். அனந்தாழ்வான் மறுத்தார். ஆசார்யன் தமக்கு நியமித்த பணியில் பிறர்க்குப் பங்கில்லை என்பது அவர் எண்ணம். சிறுவன் போகவில்லை, அவர் கண்ணுக்கு மறைவான இடத்தில் அம்மையாரின் கூடையை வாங்கிக் கொட்டிக் கொடுத்தான். கூடை விரைவில் திரும்புவது கண்டு ஐயுற்ற அனந்தாழ்வான் உண்மையை அறிந்து, வெகுண்டு, கையிலிருந்த கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. குருதியோடு ஓடிய சிறுவன் மறைந்தான். ஸந்நிதியில் பெருமாளின் திருமோவாயில் குருதி கண்டு அவர் துடித்து, பச்சைக் கற்பூரம் அப்பினார். இன்றளவும் அத்திருமோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுகிறது.

உபந்யாஸங்களில் இச்சரிதம் எம்பெருமானின் எளிமைக்கும் அனந்தாழ்வானின் உறுதிக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும். இரண்டும் உண்மையே. ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. அனந்தாழ்வான் சோம்பேறியல்லர், புகழ் விரும்பியுமல்லர். அவர் செய்தது மாசற்ற கைங்கர்யம். அந்த மாசற்ற கைங்கர்யத்திலேயே 'இது என்னுடையது' என்ற எண்ணம் நுழைய இடம் இருந்தது. ஒரு சிறுவன் கூடையைத் தொட்ட பின்னரே அது வெளிப்பட்டது. வயிற்றில் குழந்தையைச் சுமந்த அம்மையாரோ அக்கூடையைச் சிறுவனிடம் கொடுக்கத் தயங்கவில்லை! அவருடைய பங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

பந்தலில் உள்ள பெரியவர் கடப்பாரை எடுப்பவர் அல்லர். எனினும், "அடியார்கள் வெயிலில் நிற்கிறார்கள்" என்று அவர் கூறும்போது, அடியார்களின் தாகம் அவரை அப்படிப் பேச வைக்கிறதா, அல்லது தம் பந்தல் பிசகின்றி நடக்க வேண்டும் என்ற அபிமானமா என்பதை அவரே தம்முள் வினவிக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பவர் இதற்குத் தீர்ப்புக் கூற இயலாது.

இவ்வாறு சொல்வதால் குழந்தையை எங்கும் அழைத்துச் செல்லலாம் என்று கொள்ளலாகாது. மடைப்பள்ளியின் கொதிக்கும் அண்டாவின் அருகிலும், தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடும் இடத்திலும் குழந்தைக்கு வேலையில்லை. கொள்ளிடக் கரையைத் தூய்மை செய்யப் புறப்படுவோர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். மேட்டூர் நிரம்பி முக்கொம்பில் உபரிநீர் கொள்ளிடத்தில் திறக்கப்பட்டால், மணலாய்க் கிடந்த இடம் வெள்ளமாவதை இக்கரையில் வாழ்வோர் நன்கு அறிவர். மணலினடியில் பள்ளம் இருப்பதும் மேலே தெரிவதில்லை.

வற்புறுத்தலும் ஆகாது. உறங்க விரும்பும் குழந்தையை எழுப்பி நிறுத்தி, "எங்கள் பிள்ளை இந்த வயதிலேயே கைங்கர்யம் செய்கிறான்" என்று புகைப்படம் எடுத்துக்கொள்வது, பெற்றோர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் கைங்கர்யம். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்துவது, குடும்பத்தாருக்குப் பள்ளி நேரம் போக உதவுதல் போன்ற சில விலக்குகள் தவிர, முற்றிலும் தடுக்கப்பட்டது. கோயில் திருவிழா என்ற பெயரால் குழந்தையிடம் உழைப்பைப் பெறுவோர் சட்டத்துக்கு அஞ்சாவிடினும், ப்ரீதி நீங்கிய இடத்தில் கைங்கர்யம் என்ற சொல்லே பொருந்தாது என்பதையாவது நினைக்க வேண்டும். குழந்தை "போதும்" என்றால் அன்றைக்குப் போதும்.

காஞ்சியில் நடாதூர் அம்மாளின் காலக்ஷேப கோஷ்டிக்கு, கிடாம்பி அப்புள்ளார் தம் மருமகனை அழைத்துச் சென்றார். 1268இல் தூப்புலில் அவதரித்த அக்குழந்தைக்கு அப்போது ஐந்து வயது. வேதாந்த விசாரம் நடக்கும் இடத்தில் ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன வேலை என்று அன்றும் ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அதில் நியாயமும் இருந்திருக்கும். ஏனெனில் குழந்தையைக் கண்டு அம்மாள் பேசத் தொடங்கியதில் காலக்ஷேபம் தடைப்பட்டுத்தான் போயிற்று. மீண்டும் தொடங்க முற்பட்டபோது எங்கே விட்டது என்று கோஷ்டியில் எவர்க்கும் நினைவில்லை. விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தது அக்குழந்தையே. பிற்காலத்தில் ஸ்வாமி தேசிகன் என்று உலகம் போற்றியது அவரைத்தான். எல்லாக் குழந்தைகளும் தேசிகன் ஆவதில்லை என்பது உண்மை. அப்புள்ளாரும் அதை அறிந்து அழைத்துச் செல்லவில்லை. தாம் செல்லும் இடத்துக்குத் தம் தங்கையின் பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்றார், அவ்வளவே.

திருமானூர்ச் சாலையின் பந்தலில் செய்யக்கூடியது எளிது. குழந்தையின் கைக்கு அடங்கும் சிறு சொம்பு ஒன்றைத் தனியே வைத்துவிடலாம். தம்ளரைப் பெரியவர் பாதி மட்டும் நிரப்பிக் கொடுத்தால், கொட்டினாலும் பாதிதான். விரைந்து செல்ல வேண்டியவர்க்கு மறுபுறம் பெரியவர்களே கொடுக்கலாம். குழந்தையிடம் வாங்க வரும் அடியார், தலையில் தானிய மூட்டை இருந்தால் அதைக் கீழே இறக்கிவைத்துச் சற்றுக் குனிய வேண்டியிருக்கும்.