பெரிய மனசு பண்ணுங்க

‘உன்னால எங்களுக்குப் பெருமைடா’ என்று உங்கள் வாத்தியார் சொன்னால் உச்சி குளிர்ந்து போவீர்கள். ‘உனக்கு ரொம்பத்தான் பெருமை’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. இரண்டும் ஒரே சொல்தான். அடுத்தவர் வாயிலிருந்து நமக்கு வந்தால் அது உயர்வு. நாமே எடுத்துக்கொண்டால் ஜம்பம்.

பர்கூர்ப் பக்கம் போனால் இந்தச் சொல் இன்னும் சுவாரஸ்யமாகிவிடும். சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஊர். துணிக்கடைகளுக்கும் கிரானைட்டுக்கும் பெயர் போனது. கல்யாண ஜவுளி எடுக்கக் கூட்டமாக வந்து இறங்குவார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கேட்கும். நம் ‘பெரியவர்’ கன்னடத்தில் ‘தொட்டவரு’, தெலுங்கில் ‘பெத்தாயன’. எல்லாரும் மனிதரின் அளவை வைத்துத்தான் மரியாதையைச் சொல்கிறார்கள்!

கன்னடத்தில் நம் பால் ‘ஹாலு’ ஆகும், புலி ‘ஹுலி’ ஆகும். அதே வழியில் பெருமை ‘ஹெம்மெ’ ஆகியிருக்கிறது. ஆனால் ஹெம்மெ என்றால் பெருமிதம், கர்வம், அவ்வளவுதான். உண்மையான உயர்வைச் சொல்ல அவர்கள் ‘ஹிரிமெ’ என்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டார்கள். நாம் மட்டும் பெரியவருக்கும் பீற்றிக்கொள்பவருக்கும் ஒரே சட்டையை மாட்டி அனுப்புகிறோம். இது குறை என்று எனக்குத் தோன்றவில்லை. சட்டை யாருக்குப் பொருந்துகிறது என்று பார்க்கிற வேலையை நம் மொழி கேட்பவரிடம் விட்டிருக்கிறது.

பழைய பத்திரிகைகளில் மந்திரிகளை ‘கனம்’ என்று போடுவார்கள். சீனிவாச சாஸ்திரியார் ‘மகாகனம்’. கனவான் என்றாலும் கனமுள்ளவர்தான். ஏதோ தராசில் நிறுத்துப் பார்த்த மாதிரி! ‘பிரம்மாண்டம்’ என்று சினிமா விளம்பரத்தில் போடுகிறார்களே, அதற்கு அர்த்தம் பிரம்மாவின் முட்டை. அதாவது மொத்த உலகமும். நகைக்கடைத் திறப்பு விழாவுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

நம் அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு தரக் கூடாது என்கிறது. ராவ் பகதூர்களையும் சர்களையும் பார்த்துச் சலித்தவர்கள் எழுதியது. பாரத ரத்னா, பத்ம விருதுகளையும் பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012-ல் பிரணாப் முகர்ஜி ஜனாதிபதியானதும், உள்நாட்டில் ‘எக்ஸலென்ஸி’ வேண்டாம் என்று ராஷ்டிரபதி பவனே அறிவித்தது. நாம் ‘மேதகு’வைக் குறைத்துக்கொண்டு ‘மாண்புமிகு’வில் நின்றோம். சட்டம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். கட்சிக்காரர்களை யார் கட்டுப்படுத்துவது? பட்டம் ஒட்டுவதில் நம்மூரில் எந்தக் கட்சியும் சளைத்ததில்லை.

இதெல்லாம் வெறும் வார்த்தை, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. ‘பெரிய மனசு பண்ணுங்க சார்’ என்ற வாக்கியத்தை எங்கே அதிகம் கேட்கிறீர்கள், யோசித்துப் பாருங்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்துவிட்டு நிற்கிற கிழவி சொல்கிறாள். செய்த வேலைக்குக் கூலி பாக்கியை வாங்க வந்த தொழிலாளி மேஸ்திரியிடம் சொல்கிறான். கேட்பது தானமா? அவர்களுக்குச் சேர வேண்டியது. பெரிய மனசு என்று ஒரு வார்த்தையைப் போட்டதும் அது தர்மமாகிவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர், சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டு வள்ளலாகிவிடுகிறார். அடுத்தவர் மனமுவந்து தர வேண்டிய பெருமையை இங்கே கட்டணம் மாதிரி முன்கூட்டியே வசூல் செய்துவிடுகிறார்கள்.

இந்தக் கும்பிடு திசை மாறுகிற காலம் ஒன்று உண்டு. தேர்தல். அந்த இரண்டு வாரம் ‘பெரிய மனசு பண்ணி’ என்று கேட்கிறவர் வேட்பாளர். பெரிய மனசுக்காரி அதே கிழவி.

1991-ல் ஜெயலலிதா பர்கூரில் நின்றார். எதிர்த்து நின்றவர்களில் டி.ராஜேந்தரும் ஒருவர். ஜெயலலிதா ஜெயித்தார், முதலமைச்சரும் ஆனார். அடுத்த ஐந்து வருடம் வானளாவிய கட்-அவுட்கள், காலில் விழுகிற அமைச்சர்கள், 1995-ல் வளர்ப்பு மகன் கல்யாணம் என்று தமிழ்நாடு பிரம்மாண்டத்தை நிறையவே பார்த்தது. 1996-ல் மறுபடி பர்கூரில் நின்றார். தி.மு.க.வின் சுகவனம் 8,366 ஓட்டு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். அது மாநிலம் முழுக்க அடித்த அலை. காரணங்கள் பல. பர்கூர்க்காரர்கள் பட்டங்களைப் பற்றித் தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது சின்னம் மட்டும்தான். முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த எதுவும் அந்தத் தாளுக்குள் வரவில்லை.

2001-ல் அதே ஜெயலலிதா மறுபடி முதலமைச்சர். சுகவனம் பிற்பாடு எம்.பி. ஆனார். கட்-அவுட்கள் திரும்ப எழுந்தன, இரண்டு தரப்பிலும்தான். மனு கொடுக்கும் வரிசையில் அந்தக் கிழவியும் திரும்ப வந்து நின்றாள். “கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க சாமி...”