நிச்சயமின்மையை யார் சுமப்பது?

அறிந்ததை அறிந்த அளவிற் சொல்லுதல் விஞ்ஞானியின் கடமை என்பர். அந்த அளவு குறைவாயிருக்கையில், அக்குறைவின் பலனை அனுபவிப்பவர் யார் என்னும் வினாவை நம்மிற் பலர் எழுப்புவதில்லை. காலநிலை மாற்றம் பற்றிய எதிர்வுகூறல்களைப் பொறுத்தவரை இது வெறும் தத்துவ விசாரணையன்று. ஒரு குளத்தின் கட்டை உயர்த்துவதா, வெள்ளம் வழியும் வானை அகலப்படுத்துவதா என்பது வரை வந்து நிற்கும் வினா இது.

1967ஆம் ஆண்டிலே மனாபே, வெதரல்ட் என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரு கணக்கைச் செய்தனர். வளிமண்டலத்திற் காபனீரொட்சைட்டு இரு மடங்கானால் புவியின் வெப்பநிலை இரண்டு பாகைக்குச் சற்று மேற்பட உயரும் என்பது அதன் விடை. அக்கணக்கிலே மலையில்லை, தேசமில்லை. ஒரேயொரு வளித்தூணே புவி முழுவதற்கும் பிரதிநிதி. எனினும் விடை பெரிதும் பிழைபடவில்லை. 2021இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசிலும் மனாபேக்குப் பங்கு கிடைத்தது. ஆனால், மனிதர் சராசரிப் புவியில் வாழ்வதில்லை.

இன்றைய மாதிரியுருக்கள் அந்நிலையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டன. வளிமண்டலத்தையும் சமுத்திரத்தையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றின் சமன்பாடுகளைத் தீர்க்கின்றன. ஆயினும் உலகளாவிய மாதிரியுருக்கள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் நூறு கிலோமீற்றர் அளவினது. 225 கிலோமீற்றரே அகலமுள்ள நமது தீவு அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க கட்டங்களுள் அடங்கிவிடும். 2,524 மீற்றர் உயர்ந்த பிதுருதலாகல தேய்ந்து சிறு மேடாகும். இஃது அற்ப விடயமன்று. தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்றை மறித்து மேற்குச் சரிவில் மழையைக் கொட்டச் செய்வதும், மறுபுறத்தை வறண்ட காற்றுக்கு விட்டுவிடுவதும் அந்த மலைநாடே. ஈர வலயம், உலர் வலயம் என நாம் பாடசாலையிற் படித்த பிரிவே அக்கணக்கில் மங்கிவிடுகிறது.

இக்குறையை நிரப்பவே பிரதேச மாதிரியுருக்கள் எழுந்தன. சிறிய கட்டங்களில் மலை மீண்டும் தலைதூக்குகிறது, சரிவுகள் தெரிகின்றன. ஆயின் பிரதேசத்தின் எல்லைக்குள் நுழையும் காற்றும் ஈரமும் உலகளாவிய மாதிரியுரு கொடுத்தவையே. தலைவாய்க்காலிற் கலங்கிய நீர் எத்துணை சிறிய வாய்க்கால்களாகப் பிரிந்தாலும் கலங்கல் கலங்கலே. எனினும் பிரிவுக்குப் பிரிவு வேறு நிறந்தீட்டிய தேசப்படமொன்றைக் கண்டதும், நுண்மையை உண்மையென மயங்குகிறோம். (அரசாங்க அறிக்கைகளுக்கு நிறப்படங்களின்மேல் உள்ள மோகம் தனியே ஆராயத்தக்கது.)

இம்மயக்கத்துக்குக் கிழக்காபிரிக்கா ஓர் எச்சரிக்கை. அங்கே மார்ச் முதல் மே வரையான மழை, புவி வெப்பமடைய அதிகரிக்கும் என்பது பெரும்பாலான மாதிரியுருக்களின் கூற்று. 1980களிலிருந்து சில தசாப்தங்களாக அளந்த மழையோ குறைந்தது. 2020இன் இறுதி முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தன. 2024இல் அதே மார்ச்–மே பருவத்திற் கென்யாவை வெள்ளம் மூடியது. மாதிரியுருவை மட்டும் நம்பித் திட்டமிடும் அரசும், கடந்தகாலத்தை மட்டும் நம்பித் திட்டமிடும் அரசும் சூதாடுகின்றன. பந்தயப் பொருள் இடையரின் மந்தை.

இந்நிச்சயமின்மை எங்கும் ஒரே அளவினதன்று. வெப்பவலய மழையின் பெரும்பகுதி, சில கிலோமீற்றர் அகலமான முகில்களிலிருந்து பொழிவது. பெருங்கட்டங்கள் அவற்றைக் காண்பதில்லை. இது இயற்கையின் குற்றம் எனலாம். ஆனால் ஆபிரிக்காவின் மழைமானிகள் மிகச் சிலவாயிருப்பதும், ஆற்றல்மிக்க கணினிகள் பெரும்பாலும் செல்வந்த நாடுகளில் நிற்பதும் இயற்கையின் செயலா?

இங்கே இரண்டு பொய்கள் நடமாடுகின்றன. ஒன்று, ‘மாதிரியுருக்கள் உடன்படவில்லை, பொறுத்திருப்போம்’ என்பது. எண்ணெய் விற்பவர்க்கு இதனினும் உவப்பான தத்துவம் கிடையாது. வெப்பம் கூடும், கடல் உயரும், பாகைக்கு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைக் காற்று தாங்குமாகையாற் பெருமழை மேலும் பெருமழையாகும் என்பவற்றில் அவை உடன்படுகின்றன. மற்றைய பொய் ஒற்றை எண். நமது வடகீழ்ப் பருவ மழை கூடுமென்று சில ஆய்வுகளும் குறையுமென்று வேறு சிலவும் கூறியுள்ளன. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ‘பெரிய மாற்றமில்லை’ என வரக்கூடும். அவற்றுள் எதுவுமே சொல்லாத அந்த எதிர்காலத்துக்காகவா வவுனியாக் கமக்காரர் விதைநெல்லை எடுத்துவைப்பது?

இரு எதிர்காலங்களும் அவர்முன் வைக்கப்படல் வேண்டும் என்பதே நம் கருத்து. குளத்தைத் தூர்வாருதல் இரண்டிலும் பயன்படும். கட்டை உயர்த்தி வானைக் குறுக்குதல் ஒன்றில் மாத்திரமே. நீர் குறைந்த போகங்களிற் குளத்தையடுத்த வயலை எல்லோரும் பங்கிட்டு விதைக்கும் ‘பெத்ம’ என்னும் வழக்கம் சிங்களக் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. இந்த வருடம் மழை பொய்க்குமென்று எவரும் கணித்துச் சொன்னதால் எழுந்த வழக்கமன்று அது. பொய்க்கக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைவயற்காரனும் அவ்வருடம் தலைவயலில் ஒரு துண்டு விதைக்கிறான்.