பந்தியும் பட்டியலும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஒஸ்லோவுக்குப் போவதாகச் சொன்னால் அடுத்த கேள்வி 'அங்கை ஆர் இருக்கினம்?' என்பதுதான். மகளின் பிள்ளைப்பேறு, பெறாமகனின் கலியாணம், ஒரு செத்தவீடு என்று ஏதாவது பதில் வந்தால் கேட்டவருக்குச் சமாதானம். 'ஒருதரும் இல்லை, மூன்று நாள் ஊர் பார்த்து, அங்கத்தைச் சாப்பாடு சாப்பிட்டுப்போட்டு வரப்போறன்' என்றால் முகம் சுருங்கும். காசுக் கொழுப்பு என்று பேர் வரும். அதே மனிதர் காசிக்கோ சிதம்பரத்துக்கோ போனால் செலவு எவ்வளவானாலும் அது புண்ணியக் கணக்கில் ஏறிவிடும். இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவிலே கோடு எங்கே விழுகிறது? முடிவில் கோயில் இருந்தால் யாத்திரை, இல்லாவிட்டால் உல்லாசம் என்பது நம்மிடையே வழங்கும் விடை. அது போதாது என்பது என் எண்ணம்.

நல்லூர்த் திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். 25 நாள் திருவிழா. அதற்கென்றே விடுமுறை எடுத்து ஒஸ்லோவிலிருந்தும் கோப்பன்ஹேகனிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். காலையில் வேட்டியோடு வசந்தமண்டபப் பூசை, மறுநாள் குறிகாட்டுவானில் படகேறி நயினாதீவு, அதற்கடுத்த நாள் கீரிமலைக் கேணி, திரும்பும் வழியில் கசூரினாக் கடற்கரை, மாலையில் ஐஸ்கிறீம் கடை, இரவு ஒடியற்கூழ். இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் 'கோயில்' என்ற சொல்லை நீக்கிவிட்டு வாசித்தால் மூன்று நாள் ஒஸ்லோத் திட்டத்துக்கும் இதற்கும் கட்டமைப்பில் வேறுபாடு இல்லை. மறுபக்கம், ஒஸ்லோவிலேயே சிவசுப்பிரமணியருக்கு ஆலயம் இருக்கிறது; தேரும் ஓடுகிறது. கோயில் இருப்பதுதான் அளவுகோல் என்றால், விமானநிலையத்துக்குப் போகிற வழியில் அங்கே அரைமணி நேரம் கும்பிட்டவரின் உல்லாசப் பயணமும் யாத்திரையாகிவிட வேண்டும். அப்படி ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே யாத்திரையை யாத்திரையாக்குவது போய்ச் சேருகிற இடமல்ல. போகிறவரிடம் அது என்னவாக இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

அதற்கு நமது பக்கத்துச் சான்று சாப்பாட்டில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து முருகன் கோயில்களில் நல்லூரானை அலங்காரக் கந்தன் என்றும், மாவிட்டபுரத்தானை அபிஷேகக் கந்தன் என்றும், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியானை அன்னதானக் கந்தன் என்றும் சனம் சொல்லும். அந்த அன்னதானக் கந்தனின் வாசலிலிருந்துதான் கதிர்காமத்துக்கான பாதயாத்திரை புறப்படுகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பிறகு குமண, யாலக் காடு. நடந்து முடிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு என்று நடப்பவருக்குத் தெரியாது. ஊரவர் கொடுப்பதைச் சாப்பிடவேண்டும். மடத்துப் பந்தியில் யார் பக்கத்தில் இருப்பார், என்ன கறி வரும், உப்புக் கூடுமா குறையுமா என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. நயினாதீவில் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பேர் வைத்திருக்கிறார்கள். மணிமேகலைக் காப்பியம் சொல்லும் மணிபல்லவம் அந்தத் தீவுதான் என்ற நம்பிக்கை அதன் பின்னால் நிற்கிறது. மணிமேகலை அங்கே போகவேண்டும் என்று திட்டமிட்டவள் அல்லள், கொண்டுபோகப்பட்டவள்; அமுதசுரபிப் பாத்திரமும் தேடிப்போய் எடுத்ததல்ல, அவள் கையில் வந்து சேர்ந்தது. யாத்திரைக்காரர் பெறுகிறவர். ஊர் பார்க்கப் போகிறவர் தெரிந்தெடுக்கிறவர். நான் கோடு போடுவது இங்கேதான்.

இனி ஒஸ்லோத் திட்டம் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கூற்று வேண்டும், தங்குமிடப் பதிவு வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும், எந்த நாள் எங்கே நிற்கப்போகிறேன் என்ற நிரலும் வேண்டும். அந்த நிரல் சந்தேகப்படுகிற அதிகாரிக்காக எழுதப்படுவது. எழுதி முடிந்ததும் எழுதியவரே அதை நம்பத் தொடங்கிவிடுவதுதான் வேடிக்கை. முதல் நாள் ஒப்பெரா மண்டபத்தின் சரிந்த கூரையில் ஏறி நடப்பது, மதியம் மூங்க் அருங்காட்சியகம். இரண்டாம் நாள் வீகலாண்ட் பூங்கா. அந்தப் பூங்காவின் நடுவில் ஒரே கருங்கல்லில் வடித்த தூண் நிற்கிறது: 14 மீற்றர் உயரம், ஒருவர்மேல் ஒருவராக நெருக்கியடித்த 121 மனித உருவங்கள். கல் கொத்தர் மூவர் 1929 முதல் 1943 வரை அதைச் செதுக்கினார்கள். கோபுரம் பார்த்துப் பழகிய கண் அதன்முன் கொஞ்சம் தடுமாறும். கோபுரத்தில் உருவங்கள் தளம் தளமாக அடங்கி நிற்கும், இங்கே தளமும் இல்லை, தெய்வமும் இல்லை, உடுப்பும் இல்லை. அந்தத் தடுமாற்றத்துக்கு நிரலில் ஒதுக்கிய நேரம் நாற்பது நிமிடம். கைத்தொலைபேசியில் படம், பிறகு அடுத்த இடம். தரிசனம் என்ற சொல்லை நாம் காண்பது என்ற ஒருபக்கப் பொருளில் மட்டும் வழங்குவதில்லை. சுவாமி நம்மைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவும் போய் நிற்கிறோம். பட்டியலில் ஒவ்வொன்றாக அடையாளமிட்டுக்கொண்டு போகிறவரைப் பார்ப்பதற்கு எந்த ஊருக்கும் அவகாசம் கிடைக்காது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பந்தி, பந்தி என்று புகழ்கிறீரே, யாழ்ப்பாணத்துப் பந்தி எல்லாரையும் இருத்தியதா? 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போக உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட சாதியினர் வாசலில் இருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்திலேயே தேநீர்க்கடைக்குள் இருந்து குடிக்கவும் போராட வேண்டியிருந்தது. ஒஸ்லோச் சாப்பாட்டுக்கடையில் விலைப்பட்டியலை நீட்டுகிற பெடியன் சாதி கேட்பதில்லை. காசு கொடுத்துத் தெரிந்தெடுப்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. ஈகையை எதிர்பார்த்து நிற்பவருக்கு அது கிடையாது. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பந்தி கெட்டது எதனால்? விருந்தாளியை இவர் வரலாம், அவர் வரக்கூடாது என்று வீட்டுக்காரர் தெரிந்தெடுத்ததனால். நான் பயணியிடம் குறை சொல்கிற அதே நோய் இங்கே படைக்கிறவரைப் பிடித்திருக்கிறது. அதற்கு மருந்து வாசலை எல்லாருக்கும் திறப்பது. பந்தியைக் கலைத்துவிட்டு ஆளுக்கொரு மேசை போட்டு இருந்தால் சண்டை ஓயும், சேர்ந்து இருப்பதும் போய்விடும்.

இன்னொரு கேள்வி ஆசாரக்காரரிடமிருந்து வரும். கொடுப்பதையெல்லாம் ஏற்றால் சைவ சாப்பாட்டுக்காரர் அங்கே மீனையும் மாட்டையும் தின்னவேண்டுமா? வேண்டாம். கதிர்காமம் நடப்பவரும் விரதக்காரர்தான். எதைத் தொடுவதில்லை என்று புறப்படுமுன்பே கட்டிக்கொண்டு, அந்த வேலிக்குள் வருவதை மறுக்காமல் ஏற்கிறார். விரதம் ஒருமுறை செய்கிற முடிவு. பட்டியலோ ஒவ்வொரு வேளையும் செய்கிற முடிவு. மச்சம் தின்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. நோர்வேயின் லொபோட்டன் தீவுகளில் கொட் மீனை உப்பே போடாமல், மரச் சட்டங்களில் மாசி தொடக்கம் வைகாசி வரை குளிர்காற்றில் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். உப்பும் வெயிலும் இல்லாமல் கருவாடா என்று பருத்தித்துறைக்காரர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே மணந்தும் பார்ப்பார். ஆட்டுப்பால் கட்டி எடுத்தபின் மிஞ்சுகிற நீரை வற்றக் காய்ச்சிச் செய்யும் பழுப்புப் பாற்கட்டி பனங்கட்டி நிறத்தில் இருக்கும். அதை ஒரு சீவியால் தாள்போலச் சீவிப் பாணில் வைப்பார்கள். நாக்குக்கு முதலில் அது இனிப்பா உப்பா என்று பிடிபடாது. 'ஒஸ்லோவில் தின்னவேண்டிய பத்து' என்ற பட்டியலில் ஏழாவதாக வந்தால் அது வெறும் ருசி. காலையில் ஒரு வீட்டுக்காரி எடுத்து நீட்டினால் அது வேறு.

செல்லப்பா சுவாமி நல்லூர்த் தேரடியிலேயே இருந்து காலத்தைக் கழித்தாரே, பிறகு பயணம் எதற்கு என்று கேட்பவரும் உண்டு. அவருடைய சீடர் யோகர் சுவாமி கதிர்காமத்துக்கு நடந்தே போனவர் என்பதோடு இதை விட்டுவிடலாம்.

யாழ்ப்பாணத்தவருக்கும் நோர்வேக்கும் உள்ள உறவு பட்டியலால் வந்ததல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1956 இல் அங்கே போய்ச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் திரும்பி வந்து தொடங்கிய சீநோர் நிறுவனம் குருநகரில் வலைத் தொழிற்சாலையாகவும் காரைநகரில் படகுத் தளமாகவும் நின்றது. அதற்கும் மேலாக, நம்முடைய மடத்துக்கும் சுமைதாங்கிக்கும் கேணிக்கும் உறவான ஒன்று அந்த நாட்டிலேயே இருக்கிறது. பயிர்செய்யாத வெளிநிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரமடிக்கலாம் என்பது அங்கே 1957 முதல் எழுத்திலிருக்கும் சட்டம். 1868 இல் தொடங்கிய மலைநடைச் சங்கத்தின் குடில்களில் பலவற்றில் காவலாள் கிடையாது. அங்கத்தவரிடம் ஒரு பொதுத் திறப்பு இருக்கும். உள்ளே விறகு, படுக்கை, தட்டில் தகரப் பேணிகளும் வறண்ட ரொட்டியும். மூன்றாம் நாளை நிரலில் வெறுமையாக விட்டுவிட்டு, ஊர்க்காரர் ஒருவரோடு காட்டுப்பக்கம் நடக்கிறவர் அப்படியொரு குடிலில் ஓர் இரவு தங்கலாம். இருப்பதைச் சமைத்துச் சாப்பிட்டு, எடுத்ததைத் தானே எழுதி, காசைப் பிறகு கட்டலாம். புறப்படும்போது கோப்பை கழுவி, தரை கூட்டி, அடுத்து வருகிறவருக்கு விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போகவேண்டும் என்பது அங்கத்தை வழக்கம்.