ஒதுங்குமிடம்

பாய்மரப் படகில் உல்லாசப் பிரயாணம் செய்வோர்க்குப் பொழுது சாயுந்தோறும் ஒரு கேள்வி எழுகிறது: இன்றிரவு நங்கூரத்தை எங்கே பாய்ச்சுவது? கடலறியாதார் இதனைக் கண்ணின் தீர்ப்புக்கு விட்டுவிடுவர். அழகிய இடமே தக்க இடம் என்பர். தோட்டத்துக் கணக்கறையிலிருந்து விடுமுறை பெற்று ஒரு நண்பரின் படகில் ஏறும்வரை நாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம்.

பேராக் கரையை அடுத்த பங்கோர்த் தீவை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்குப்புறத்துத் தெலுக் நிப்பா வெண்மணல் உடையது. மாலையில் அங்கே கடல் கண்ணாடி போலிருக்கும். கிழக்குப்புறமோ மீனவர் குடியிருப்பு. நெத்திலி உலரும் நாற்றம், சேற்றுநீர், விசைப்படகுகளின் இரைச்சல். எனினும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை அனுபவசாலிகள் கிழக்கையே நாடுவர். அக்காலத்தில் ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்று, பெரும்பாலும் விடியலுக்கு முன், ஜலசந்தியைக் கடந்து மேற்கிலிருந்து வந்து மோதும். மாலையில் நம்மைத் தாலாட்டிய குடா அப்பொழுது கதவில்லாத வீடாகிவிடும். கிழக்கில் தீவின் மலையே சுவர். அடியிலுள்ள சேறும் நங்கூரத்தை நன்கு பற்றும். ஆகவே, வீசுகின்ற காற்றை விட்டு, இனி வீசப்போகும் காற்றை எண்ணியே இடந்தேடல் வேண்டும்.

காற்றுக்கு ஒதுங்கினாற் போதுமோ? ஒல்லாந்தரும் அத்தீவின் தென்கிழக்கே, தெலுக் கெடோங்கில், 1670-ஆம் ஆண்டு வெள்ளீயத்தைக் காக்கக் கோட்டை எழுப்பினர். இடம் நல்ல இடமே. வெள்ளீய வாணிபத்தைத் தம் கைக்குள் அடக்க முயன்றோரை உள்ளூர் மலாய் மக்கள் பொறுக்கவில்லை. 1690-இல் கோட்டையைத் தாக்கி அழித்தனர். மனிதரின் மனக்கசப்புக்கு மலை மறைப்பாவதில்லை.

நமக்கு நேர்ந்தது சிறிய காரியம். நண்பருடைய வழக்கம், நீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது. (ஆழம் என்பது ஓதம் ஏறிய பின்னுள்ள ஆழம்; அதனை மறந்தோர் நள்ளிரவில் மிதந்து போவர்.) அன்று 7 மீட்டருக்கு 35 மீட்டர் விட்டோம், குறிகளை எண்ணியவர் நாமே. நங்கூரமிட்ட படகு ஓரிடத்தில் நில்லாது. காற்றும் நீரோட்டமும் மாற மாறச் சங்கிலியளவு வட்டமிடும். ஆதலின், முன் வந்தோன் எவ்வளவு விட்டிருக்கிறான் எனக் கேட்டறிந்து, பின் வந்தோன் விலகி நிற்றல் கடல்வழக்கு. இவ்வழக்கு முழுதும் முன் வந்தோனுடைய சொல்லை நம்பியே நிற்கிறது. நீருக்கடியில் கிடக்கும் சங்கிலியை யார் அளந்து பார்ப்பார்?

இருட்டும் வேளையில் மற்றொரு படகு வந்தது; ஒருவரே இருந்தார். “எவ்வளவு விட்டிருக்கிறீர்கள்?” என வினவினார்.

“ஐம்பது” என்றோம்.

நண்பர் நம்மை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எச்சரிக்கை என அப்பொய்க்கு நாமே பெயரிட்டுக்கொண்டோம்; கணக்கெழுதுவோர்க்கு இத்தகைய பெயரிடல் எளிது. வந்தவர் நன்றி கூறி, மலையின் மறைவு குறைந்த வெளிப்புறத்திற்குச் சென்றார்.

நான்கு மணியளவில் சுமத்ரா வந்தது. நம் படகு அதிர்ந்ததேயன்றி நகரவில்லை. மழையினூடே அவருடைய விளக்கு பின்னடைவதும், இயந்திர விசையால் முன்னேறுவதுமாக ஒரு மணி நேரம் ஆடிற்று. நனைந்து நின்று பார்த்தோம், செய்யத்தக்கது வேறில்லை. 35 மீட்டர் நமக்குத் தேவை. அதனை எவரும் குறைகூறார். எஞ்சிய 15 மீட்டரை யாரிடமிருந்து எடுத்தோம் என்பது அவ்விளக்கு ஆடுமட்டும் நமக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கேட்டபொழுது மெய் சொல்லியிருந்தால் அவரும் சுவரின் உட்புறத்தே நின்றிருப்பார். நமக்கு ஒரு குறைவும் நேர்ந்திராது.

விடிந்தபின் அவர் புறப்பட்டு நம் அருகே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. “நல்லவேளை, உங்களைக் கேட்டு விலகி நின்றேன். இல்லாவிட்டால் இராத்திரி உங்கள்மேல் வந்து மோதியிருப்பேன்” என்று கூறிக் கையசைத்துச் சென்றார்.

நாமும் கையசைத்தோம்.