அந்நிய பாஷையின் ஒலிகள்

பெந்தெகொஸ்தே சபையினர் அந்நிய பாஷை என்றும், கத்தோலிக்கர் பரவசப் பேச்சு என்றும் வழங்குவது, பொருள் விளங்காத அசைகள் தங்குதடையின்றிப் பெருகிவரும் வழிபாட்டுப் பேச்சாகும். திருநெல்வேலிப் பகுதியில் 1860இல் அருளப்பன் என்னும் கிறிஸ்தவ ஊழியர் வழி பரவிய ஆன்மிக எழுப்புதலிலேயே இது நிகழ்ந்ததாகக் குறிப்புகள் உள்ளன. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் கருதும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருக் கூட்டங்கள் 1906இல்தான் தொடங்கின என்பதால், இதனை மேலைநாட்டு இறக்குமதி என்று ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

டொராண்டோ பல்கலைக்கழக மொழியியலாளர் வில்லியம் சமாரின் 1972இல் வெளியிட்ட நூலில், பேசுவோர் தாம் அறிந்த மொழிகளின் ஒலிகளையே எடுத்தாள்வதையும், அவற்றுள்ளும் சிலவே திரும்பத் திரும்ப வருவதையும், உயிரில் முடியும் எளிய அசைகள் மிகுந்திருப்பதையும் காட்டினார். சொல்லைப் பொருளோடு பிணைக்கும் இலக்கணம் அப்பேச்சில் இல்லை. ஆயினும் ஏற்ற இறக்கமும் நிறுத்தமும் உண்மையான பேச்சைப் போலவே அமைகின்றன. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பிய மரபாதலின், தமிழர் ஒருவர் இவ்வெழுத்துகளால் அசைத்தொடரைத் தொடங்கும்போது, தாய்மொழியின் ஒலிகளைக் கொண்டே அம்மொழியின் வரம்பைத் தாண்டிவிடுகிறார். தாலாட்டின் ஆராரோவுக்கு அகராதிப் பொருள் தேடுவார் இல்லை. குழந்தைக்குக் குரலே போதுமானதாக இருக்கிறது. மொழியன்று என்று நிறுவப்பட்டதனாலேயே ஒரு வேண்டுதல் வெறும் ஓசையாகிவிடாது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ நியூபெர்க் குழுவினர் ஐந்து பெண்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவில், பக்திப் பாடல் பாடியபோது இருந்ததைவிட இப்பேச்சின்போது மூளையின் முன்மடலில் செயற்பாடு குறைந்திருந்தது. தம் விருப்பத்தால் ஒலிகளை ஆள்வதில்லை என்னும் அப்பெண்களின் கூற்றோடு இது ஒத்துப்போவதை, நடிப்பென்று ஏளனம் செய்வோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சிவகங்கைச் சீமையின் கிராமக் கோயில்களில் அருள் வந்து ஆடும் சாமியாடியிடம் குறி கேட்போர், மழைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் விளங்கும் தமிழிலேயே விடை எதிர்பார்க்கின்றனர். அந்த வாக்கு மனிதரை நோக்கியது. அந்நிய பாஷையோ கடவுளை நோக்கியது. எனவேதான் பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், வியாக்கியானம் பண்ணுவோர் இல்லாத சபையில் அதனைப் பலர் கேட்கப் பேச வேண்டாம் என்று வரையறுத்தார். தனிமையிலோ கூட்டத்திலோ துயரத்தை இவ்வாறு இறக்கிவைப்பவரிடம் பொருள் கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இலக்கணமற்ற அசைகளுக்கு உரை கூறி, இன்னாரை மணந்துகொள் என்றோ, மருந்தை நிறுத்து என்றோ பிறருக்குக் கட்டளையிடும்போது, அதன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் பேசியவரல்லர், உரை கூறியவரே.