உடையை யார் முடிவு செய்வது?

மட்டாஞ்சேரியை அடுத்து, ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கிறது தோபி கானா என்ற சலவைக்கூடம். படைவீரர்களின் சீருடையை வெளுக்க அந்தக் காலத்தில் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். கஞ்சி போட்ட பருத்தி வேட்டியைக் கிளிப் இல்லாமல், முறுக்குக் கயிற்றின் புரிக்குள் நுனியைச் செருகிக் காயப்போடுவார்கள். கொச்சிப் புழுக்கத்துக்கு அந்தப் பருத்தியைவிட நல்ல துணி ஏது? வியர்வையைக் குடிக்கும், மெல்லக் காயும், காயக் காய உடம்பு குளிரும்.

அதே பருத்தி பனியனோடு ஜனவரியில் லடாக்கில் மலையேறினால் உயிருக்கே ஆபத்து. ஏறும்போது வியர்க்கும், நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதனால் மலையேறுபவர்கள் உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ போடுகிறார்கள். அதன்மேல் ஃபிளீஸ் அல்லது இறகு ஜாக்கெட், வெளியே காற்றையும் பனியையும் தடுக்கும் உறை. ஏறுகையில் ஒன்றைக் கழற்றுவார்கள், நின்றதும் மாட்டுவார்கள். என்ன சாதி, ஆணா பெண்ணா என்று அங்கே எந்தத் துணியும் கேட்பதில்லை.

கீழே இறங்கினால் மட்டும் நமக்கு ஏன் இந்தப் புத்தி மழுங்குகிறது? தோள்சீலைப் போராட்டத்துக்குப் பணிந்து 1859இல் திருவிதாங்கூர் அரசர், நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றார். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாதாம்! மானத்திலும் படிநிலை வைத்த ஆணை அது. இன்றும் கேரளத்தின் பல கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பூணூல் இருக்கிறதா என்று பார்க்க வந்த வழக்கம் இது, கைவிடுங்கள் என்று 2024 டிசம்பரில் சொன்னவர் சிவகிரி மடத்தின் சுவாமி சச்சிதானந்தா. மடத்துத் துறவியே காரணம் கேட்கிறார். படித்த நாம் பேசாமல் பொத்தானை அவிழ்க்கிறோம்.

நீதிமன்றமும் விலக்கில்லை. 2024இல் வெயில் தாங்காமல் கேரள உயர் நீதிமன்றம் வழக்கறிஞர்களின் கறுப்பு அங்கிக்கு விலக்கு அளித்தது, அந்தக் கோடைக்கு மட்டும். அங்கி இல்லாமல் வாதாடினால் நீதி குறையாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

பள்ளியோ, அலுவலகமோ, கோயிலோ, உங்கள் வீட்டுப் பெரியவரோ, இனி யார் உடையைப் பற்றி விதி சொன்னாலும், அது உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த விதிக்குக் கீழ்ப்படியாதீர்கள்.