வழி கொடுப்போரும் வழி நடப்போரும்

வீதி அமைக்கப்படுவது, வழி உண்டாவது. வீதிக்கு அரசும் பொறியியலாளரும் வேண்டும். வழிக்கோ நடக்கும் கால்களும், அவற்றை மறியாத மனங்களும் போதும். இன்று அந்த வழியையே அளந்து, பெயரிட்டு, அந்நியருக்கு அறிமுகப்படுத்தும் முயற்சி உலகெங்கும் நடைபெறுகின்றது. நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் பல நாட்கள் செல்லத்தக்க நெடும்பாதையொன்றை ஒரு பிரதேசத்தின் ஊடாக அமைத்தல் நன்றா என்னும் வினா பொருளியல் வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும். அதனை அம்பாறைக் கரையோரத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெடும்பாதைகள் யாவும் ஒரே வகையில் தோன்றியவை அல்ல. இங்கிலாந்தில் நிலப்பிரபுக்கள் வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் 1932இல் தொழிலாளர் திரளாக அத்துமீறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். நடப்போர் உரிமைக்கான அக்காலக் கிளர்ச்சிகளின் விளைவாக 1949இல் சட்டமும், 1965இல் ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளமான பென்னைன் பாதையும் வந்தன. ஸ்பெயினின் சந்தியாகோ நகருக்குச் செல்லும் பாதையோ நடுக்கால யாத்திரிகர் நடந்த பாதை. 1987இல் ஐரோப்பிய மன்றம் அதனைப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. நம் மலையகத்தில் அண்மையில் உருவான பீக்கோ பாதை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்வது; அதன் பெரும்பகுதி பிரித்தானியர் காலத் தேயிலைத் தோட்டப் பாதைகளைத் தழுவியது. முதலாவது உரிமைப் போராட்டத்தினாலும், இரண்டாவது பக்தியினாலும், மூன்றாவது கொழுந்துக் கூடை சுமந்தோரின் உழைப்பினாலும் விளைந்தவை. ஒரு பாதை யாரால் உண்டாயிற்று என்பதை மறந்து, அதில் யார் வருவர் என்பதை மட்டும் கணக்கிடுவது நன்றிகோறல் ஆகும்.

நம் கரையோரத்திலும் அவ்வாறானதொரு பழைய வழி உண்டு. வடபுலத்திலிருந்து கிழக்குக் கரை வழியே கதிர்காமம் செல்லும் பாதயாத்திரை போர்க்காலத்தில் தடைப்பட்டும் பின்னர் தொடர்ந்தும் இன்றுவரை நடைபெறுகின்றது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை என இக்கரையின் ஊர்களை எண்ணிப் பார்த்தால், முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் நெசவின் ஊடும் பாவும்போல் மாறி மாறி வருவதையும், தெற்கே செல்லச் செல்லச் சிங்கள மக்களும் அவ்விழையிற் சேர்வதையும் காணலாம். யாத்திரை முடியும் கதிர்காமத்திலோ கோயிலும் விகாரையும் மட்டுமன்றிப் பள்ளிவாசலும் உண்டு. இவ்வழி பிறர் ஊரைக் கடவாமல் யாரும் நடக்க முடியாத வழியாகும்.

வழிப்போக்கருக்கும் வழியூராருக்கும் உள்ள உறவு யாது? 1795இல் நிலையான சமாதானம் பற்றி எழுதிய ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற், பூமியின் பரப்பு எல்லார்க்கும் பொதுவாதலின் அந்நிய நாட்டுக்குச் செல்பவன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமையுடையவன் என்றார். ஆயினும் அது வந்து காணும் உரிமையே. விருந்தினனாகத் தங்கும் உரிமையன்று. வருகை தந்த ஐரோப்பிய வணிக நாடுகள் வருகைக்கும் வெற்றிகொள்ளலுக்கும் வேறுபாடு காணாது போயின என்று அவர் கண்டித்தமை, கடல்வழி வந்த வணிகரையே ஆட்சியாளராகக் கண்ட நமக்கு எளிதில் விளங்கும்.

இஸ்லாம் இதற்கு ஒரு படி மேலே செல்கின்றது. ஸக்காத் பெறத் தகுதியுடையோராகத் திருக்குர்ஆன் கூறும் எட்டு வகையினருள் இறுதியாகச் சொல்லப்படுபவன் வழிப்போக்கன். அவன் தன் ஊரில் செல்வனாயிருக்கலாம். வழியில் வகையற்று நின்றானாயின், அந்த நிலையே அவனுக்கு நம் பொருளில் ஒரு பங்கை உரிமையாக்குகின்றது. தமிழ் மரபோ பத்துப்பாட்டின் சரிபாதியை ஆற்றுப்படை நூல்களாகக் கொண்டது. பயன் பெற்றவன் பெறாதவனுக்குக் கூலியின்றி வழிகாட்டுவது அவ்விலக்கியத்தின் அடிப்படை அறம். இவ்விரு மரபுகளிலும் வழிப்போக்கன் விருந்தினன். உல்லாசப் பயணத்துறையின் மொழியிலோ அவன் வாடிக்கையாளன். விருந்தினன் வீட்டாரின் முகம் நோக்குவான். வாடிக்கையாளனோ விலையை மட்டுமே நோக்குவான்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று என்பதை இக்கரையின் அண்மைக்கால வரலாறு உணர்த்தும். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மாண்டோர் 10,000இற்கும் மேற்பட்டோர். அதன்பின் வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு மறுக்கப்பட்ட கரை விடுதிக்கு மட்டும் திறக்குமோ என்ற ஐயம் அறுகம்குடா மீனவரிடையே எழுந்தது. பாணமைப் பகுதியில் 2010இல் தம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அதனை மீளப்பெறப் பல்லாண்டு போராடின. ஒலுவிலில் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகம் வளர்ச்சிக்கென்றே கட்டப்பட்டது. ஆயின் அதன் அலைதடுப்பணைகள் மணலின் ஓட்டத்தை மறிக்க, வடபால் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தோணி இழுத்து வைக்கும் மணலும் தென்னந்தோப்பும் கரைந்தன. நன்மை நோக்கிய திட்டமாயினும், அதன் சுமையைத் தாங்குவோரின் சொல் அதில் ஏறாவிடின் தீங்காகவே முடியும்.

ஆகவே நெடும்பாதையே வேண்டாம் என்பதா? அன்று. கடலில் மீன் குறைந்த காலத்திலும், வேளாண்மை பொய்த்த போகத்திலும் வேறு வருவாயின்றி வாடும் குடும்பங்கள் இக்கரையில் உள்ளன. மருதமுனைக் கைத்தறியில் நெய்த சாரனும் சேலையும் நெசவாளர் வாசலிலேயே விலைபோகுமாயின் அது குறையன்று. வணிகமும் ஓர் அறமே. நேர்மையான வணிகரை இஸ்லாம் உயர்வாகப் போற்றுகின்றது. கேடு விற்பதில் இல்லை. எதனை விற்கலாம், எதனை விற்கலாகாது என்று தீர்மானிக்கும் உரிமை ஊராரின் கையை விட்டு நீங்குவதிலேயே உள்ளது. தொழுகை நேரமும், பெண்கள் புழங்கும் ஒழுங்கையும், ஆழிப்பேரலையில் மாண்டோரின் வீடுகள் நின்ற மணலும் காட்சிப் பொருள்கள் அல்ல.

அந்நியர் வருகையால் பண்பாடு கெடும் என்பாரும் உளர். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும் நம் ஊர்களுக்கிடையேயே அந்நியம் வளர்ந்துள்ளதை மறைக்கவும் இயலாது. 1985இலும் 1990இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின்னர், ஓர் ஊரார் அடுத்த ஊரின் எல்லையைக் கடக்க அஞ்சிய காலம் இருந்தது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கை 2019இல் உண்ணாவிரதமாக எழுந்தபோது, எல்லை எங்கே என்ற வினா மீண்டும் இரு சமூகங்களையும் எதிரெதிரே நிறுத்திற்று. நெடும்பாதையோ எல்லைக் கோட்டில் நின்றுவிட முடியாது. காரைதீவு மறுத்தால் சாய்ந்தமருதிலிருந்து வருபவன் நிந்தவூர் சேரான். நிந்தவூர் மறுத்தால் காரைதீவின் யாத்திரிகன் தெற்கே செல்லான். வெளிநாட்டார் நடப்பதற்கு முன்னர், அடுத்த ஊர் மாணவன் தன் துவிச்சக்கர வண்டியில் அச்சமின்றிச் செல்லும் வழியாக அது அமையுமாயின், அதுவே அதன் முதற் பயன்.

இவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். பாதை செல்லும் ஊர்களின் மீனவரும் விவசாயிகளும் பெண்களும் வரைபடம் வரையப்படுமுன் கேட்கப்படல் வேண்டும். வரைந்தபின் கேட்பது அறிவித்தலேயன்றிக் கலந்தாலோசித்தலன்று. வேண்டாம் என்று கூறவும், பின்னர் மனம் மாறவும் அவர்களுக்கு இடமிருத்தல் வேண்டும். பழைய யாத்திரிகர்க்குக் கட்டணமோ தடையோ விதித்தலாகாது. ஊர்ப்பெயர்கள் அவ்வவ்வூரார் வழங்கும் வடிவிலேயே பலகையில் ஏறல் வேண்டும்.

பாதையின் வெற்றியை வருவோர் தொகையால் அளப்பது எளிது. ஆயினும் அறத்தின் அளவுகோல் வேறு. அதிகாலையில் வலையோடு கரைக்குச் செல்பவரும், புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் செல்லும் சிறுமியும், வேலோடு தெற்கு நோக்கும் யாத்திரிகரும் முன்னையினும் நன்றாக அவ்வழியில் நடக்கின்றனரா என்பதே கேட்கத்தக்க வினா. அவர்கள் நடக்க இயலாத வழியில் அந்நியர் மட்டும் நடப்பாராயின், அது வேலியிடப்பட்ட நிலமேயன்றி வழியன்று.